மேஜிக் தி கேதரிங்: எனக்குப் பிடித்த டெக்குகளும் காம்போக்களும், கட்டுவதிலிருந்து ஆடுவது வரை

மேஜிக் கார்டு ஆட்டத்தில் காம்போ டெக், அதாவது சேர்ந்தால் ஆட்டத்தையே முடித்துவிடும் கார்டு ஜோடியை நம்பி ஆடும் கார்டுக் கட்டு, கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "இது எத்தனையாவது டர்னில் ஜெயிக்கும்?" என்பதைத்தான். நான் கேட்பது வேறு. காம்போவின் ஒரு பாதி கையில் இருக்கிறது, மறுபாதி கடைசிவரை வரவில்லை. அந்த ஆட்டத்தில் இந்த டெக் என்ன செய்யும்? இதற்கு உருப்படியான பதில் சொல்லும் டெக்குகள்தான் பல வருடங்களாக என் பெட்டியில் தங்கியிருக்கின்றன. மற்றவற்றைக் கொஞ்ச நாள் ஆடிவிட்டுக் கலைத்துவிட்டேன்.

ஆட்டத்துக்கே புதியவர்களுக்கு நாலு வரி. ரிச்சர்ட் கார்ஃபீல்டு வடிவமைத்த மேஜிக்கை விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் 1993-ல் வெளியிட்டது. டெக்கில் குறைந்தது 60 கார்டு இருக்க வேண்டும். பேசிக் லேண்டுகளைத் தவிர எந்தக் கார்டும் 4 பிரதிக்கு மேல் கூடாது. ஆளுக்கு 20 லைஃப், தொடக்கத்தில் கையில் 7 கார்டு. ஒரு டர்னுக்கு ஒரு லேண்ட் இறக்கலாம், லேண்டை டேப் செய்தால் (சாய்த்துவைத்தால்) மானா என்ற சக்தி, மானா கொடுத்தால் ஸ்பெல். மீதியைப் போகப்போகப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் படி: பர்ன் டெக்கில் கணக்குப் பழகுங்கள்

காம்போ வழிகாட்டியில் காம்போவே இல்லாத டெக் எதற்கு என்று தோன்றலாம். காம்போ ஆடுகிறவருக்கு முதலில் வேண்டியது எண்ணும் பழக்கம். அதை பர்ன், அதாவது டேமேஜ் ஸ்பெல்களால் எதிராளியின் லைஃபை நேரடியாக எரிக்கும் டெக், அளவுக்குச் சொல்லிக்கொடுக்கிற டெக் வேறு இல்லை.

லைட்னிங் போல்ட் ஒரு சிவப்பு மானாவுக்கு 3 டேமேஜ். லாவா ஸ்பைக்கும் ஒரு மானாவுக்கு 3 டேமேஜ்தான், ஆனால் கிரீச்சர் (களத்தில் நின்று தாக்கவும் தடுக்கவும் செய்யும் கார்டு) மேல் அடிக்க முடியாது. ரிஃப்ட் போல்ட்டை ஒரு மானா கொடுத்து சஸ்பெண்ட் செய்தால் (தள்ளிவைத்தால்) அடுத்த டர்னில் 3 டேமேஜ். எதிராளியிடம் 20 லைஃப். ஆக ஏழு ஸ்பெல் போதும்: ஏழு மூன்று இருபத்தொன்று. முதலில் ஆடுகிறவர் நாலாவது டர்னில் மொத்தம் 10 கார்டு பார்த்திருப்பார். அதில் 3 லேண்ட் போனால் மீதி ஏழு. டெக்கின் மொத்தத் தத்துவமும் இந்தச் சின்னக் கணக்கில் அடங்கிவிடுகிறது. 20 லேண்டுக்கு மேல் இந்த டெக்கில் போடாதீர்கள். நாலாவது லேண்டை எடுக்கிற ஒவ்வொரு முறையும் ஒரு போல்ட்டை இழக்கிறீர்கள்.

கஷ்டமான கேள்வி ஒன்றுதான்: எதிராளி ஒரு கிரீச்சரை இறக்கியிருக்கிறார், போல்ட்டை அதன் மேல் அடிப்பதா, முகத்தில், அதாவது எதிராளி மேலேயே, அடிப்பதா? என் கணக்கு இப்படி. களத்தில் என்னுடைய காப்ளின் கைடு என்ற கிரீச்சர் இருக்கிறது என்று வையுங்கள், பவர் (ஒரு தாக்குதலில் கொடுக்கும் டேமேஜ்) 2. எதிரே இருக்கும் கிரீச்சர் அதன் தாக்குதலை இரண்டு முறை நிறுத்திவிடும் என்றால் எனக்கு 4 டேமேஜ் நஷ்டம். போல்ட் கொடுப்பதோ 3. அப்போது கிரீச்சரை அடிக்கலாம். ஒரு முறைதான் நிறுத்தும் என்றால் முகத்துக்கே போகட்டும். இரண்டுக்கும் நடுவில் தடுமாறினால் முகத்தையே தேர்ந்தெடுங்கள்.

ஸ்பெல் போடும் வரிசையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. உங்கள் டர்னில் மட்டும் போட முடிகிற சார்சரிகளை முதலில் செலவழியுங்கள், எதிராளியின் டர்னிலும் போட முடிகிற இன்ஸ்டன்ட்களைக் கையில் வையுங்கள். முக்கியமாக ஸ்கல்கிராக். அது 3 டேமேஜ் கொடுப்பதோடு அந்த டர்ன் முழுக்க யாரும் லைஃப் ஏற்ற முடியாமல் செய்துவிடும். எதிராளி லைஃப் ஏற்றும் ஸ்பெல்லைப் போடும்வரை பொறுத்திருந்து அதற்குப் பதிலாகப் போட்டால், அவர் போட்ட கார்டும் வீண், லைஃபிலும் 3 போச்சு.

ஐடலான் ஆஃப் த கிரேட் ரெவல் பற்றி ஒரு எச்சரிக்கை. மானா வேல்யூ (மொத்த மானா விலை) 3 அல்லது அதற்குக் கீழே உள்ள ஸ்பெல்லை யார் போட்டாலும் அவருக்கு 2 டேமேஜ், உங்களுக்கும் சேர்த்துத்தான். நீங்கள் முன்னணியில் இருக்கும்போது அருமையான கார்டு. பின்தங்கி இருக்கும்போது உங்கள் கழுத்துக்கே கயிறு.

இரண்டாம் படி: காம்போவைத் தேர்ந்தெடுப்பது

மேஜிக்கின் ஆதி காம்போ சேனலும் ஃபயர்பாலும். இரண்டும் 1993-ன் முதல் செட்டிலேயே வந்தவை. சேனல் இரண்டு பச்சை மானா; போட்டபின் அந்த டர்னில் ஒரு லைஃப் கொடுத்தால் ஒரு மானா கிடைக்கும். ஃபயர்பாலுக்கு ஒரு சிவப்பு மானாவும், அதற்கு மேல் நீங்கள் விரும்பும் அளவு மானாவும் கொடுக்கலாம். அந்த அளவுக்கு டேமேஜ். முதல் டர்னில் ஒரு மவுண்டன், ஒரு பிளாக் லோட்டஸ் இருக்கிறது என்று வையுங்கள். லோட்டஸிலிருந்து மூன்று பச்சை. இரண்டு சேனலுக்குப் போக ஒன்று மீதி. 19 லைஃபைக் கொடுத்து 19 மானா. மீதி ஒன்றைச் சேர்த்தால் 20. மவுண்டனின் சிவப்பு ஃபயர்பாலுக்கு. எதிராளிக்கு 20 டேமேஜ், உங்களிடம் மிச்சம் ஒரே ஒரு லைஃப். இவ்வளவு கச்சிதமாகக் கணக்கு உட்கார்வதைப் பார்த்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். எந்தெந்தக் கார்டு செல்லும் என்பதை ஃபார்மட் என்ற போட்டி வகைதான் முடிவு செய்யும்: லெகசி ஃபார்மட்டில் சேனலுக்குத் தடை. வின்டேஜில் ஒரே ஒரு பிரதிக்குத்தான் அனுமதி.

சரி, இன்றைக்கு ஒரு காம்போவை எப்படி எடைபோடுவது? மூன்று விஷயம் பாருங்கள். எத்தனை கார்டு வேண்டும்? மூன்றைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். மொத்தம் எவ்வளவு மானா, அதை எத்தனை டர்னில் பிரித்துக் கட்டலாம்? அப்புறம், நான் ஆரம்பத்தில் சொன்னது: ஒவ்வொரு பாதியும் தனியாக என்ன செய்யும்?

சாங்குவின் பாண்டும் எக்ஸ்குவிசிட் பிளட்டும் பலர் முதன்முதலில் காதலிக்கும் ஜோடி. ஒன்று, நீங்கள் லைஃப் ஏற்றினால் எதிராளி அதே அளவு இழப்பார். மற்றது, எதிராளி லைஃப் இழந்தால் நீங்கள் அதே அளவு ஏற்றுவீர்கள். எங்காவது ஒரு லைஃப் அசைந்தால் போதும், எதிராளி முடியும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் இரண்டும் தலா 5 மானா. பாண்டை இறக்கிவிட்டுச் சும்மா நிற்கும் டர்னில் எதிராளி உங்களை அடித்துக்கொண்டிருப்பார். 60 கார்டு ஆட்டத்துக்கு இது ரொம்ப மெதுவு. கமாண்டர் என்ற ஃபார்மட்டில் கதை மாறும், அதற்குப் பிறகு வருகிறேன்.

ஹீலியட், சன்-கிரௌண்டும் வாக்கிங் பலிஸ்டாவும் இதைவிடப் பல மடங்கு மேல். ஹீலியட் 3 மானா. நீங்கள் லைஃப் ஏற்றும்போதெல்லாம் உங்கள் கிரீச்சர் ஒன்றின் மேல் ஒரு +1/+1 கவுன்ட்டர் (பவரையும், தாங்கும் அளவான டஃப்னஸையும் ஒவ்வொன்று கூட்டும் குறி) வைப்பான். 2 மானா கொடுத்தால் வேறொரு கிரீச்சருக்கு லைஃப்லிங்க் கொடுப்பான். பலிஸ்டா தன் மேல் இருக்கும் ஒரு கவுன்ட்டரை எடுத்துவிட்டு 1 டேமேஜ் அடிக்கும். லைஃப்லிங்க் இருந்தால் அந்த அடியில் ஒரு லைஃப் ஏறும், ஹீலியட் கவுன்ட்டரைத் திருப்பி வைப்பான், பலிஸ்டா மறுபடி அடிக்கும். இங்கே புதியவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: பலிஸ்டாவின் மேல் குறைந்தது இரண்டு கவுன்ட்டர் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால், அதை எடுத்த நொடியே அது 0/0 ஆகிச் செத்துவிடும். ஹீலியட்டின் கவுன்ட்டர் வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிடும். இரண்டு கவுன்ட்டருடன் பலிஸ்டாவை இறக்க 4 மானா. பலிஸ்டா தனியாகவும் நல்ல கார்டு, சின்னக் கிரீச்சர்களைச் சுட்டுத் தள்ளும். ஹீலியட் தனியாகவும் மோசமில்லை. பயனியர் ஃபார்மட்டில் 2020-ல் பலிஸ்டாவைத் தடைசெய்ததற்கும் இந்த ஜோடிப் பொருத்தம்தான் காரணம்.

மூன்றாம் படி: எத்தனை பிரதி போடுவது

இதை மனக்கணக்கில் போட்டுப் பார்க்காமல் டெக் கட்டாதீர்கள். 60 கார்டு டெக்கில் ஒரு கார்டு 4 பிரதி இருந்தால், அது முதல் ஏழு கார்டில் குறைந்தது ஒன்றாவது வர வாய்ப்பு சுமார் 40%. அதே வேலையைச் செய்யும் இன்னொரு கார்டையும் 4 பிரதி சேர்த்து எட்டாக்கினால் 65%.

காம்போ என்றால் இரண்டு பாதியும் வேண்டுமே. நாலாவது டர்னில், அதாவது 10 கார்டு பார்த்த பிறகு, 4 பிரதி ஒரு பாதி, 4 பிரதி இன்னொரு பாதி என்றால் இரண்டும் கையில் இருக்க வாய்ப்பு 26 முதல் 27%-க்குள். நாலில் ஒரு ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாதியை எட்டாக்கினால் 40%. அதாவது, ஒரே வேலையைச் செய்யும் இன்னொரு கார்டு உள்ள காம்போவைத் தேடிப் பிடியுங்கள். கார்டு எடுக்க உதவும் ஸ்பெல்களும் தேடிக்கொடுக்கும் டியூட்டர்களும் இந்த எண்ணை இன்னும் ஏற்றும். ஆனால் எவ்வளவு ஏற்றினாலும், பாதி ஆட்டங்களில் காம்போ நேரத்துக்கு வராது. அந்தப் பாதி ஆட்டங்களுக்காகத்தான் மீதி டெக்கைக் கட்டுகிறோம்.

நான்காம் படி: ஸ்ப்ளின்டர் ட்வின், நிதானமாக

எனக்குப் பிடித்த டெக்குகளில் முதல் இடம் இதற்குத்தான். மாடர்ன் ஃபார்மட்டில் 2016 ஜனவரியில் தடைசெய்தார்கள். 2024 டிசம்பரில் தடையை நீக்கினார்கள். இடைப்பட்ட காலம் முழுக்க இந்த டெக்கை நான் பிரித்துப் போடவில்லை. நண்பர்களுடன் மேசையில் ஆட யாருடைய அனுமதியும் வேண்டாமே.

டிசீவர் எக்ஸார்க் 3 மானா, 1/4 (பவர் 1, டஃப்னஸ் 4), ஃபிளாஷ் உண்டு, அதனால் எதிராளியின் டர்னிலும் இறக்கலாம். களத்துக்கு வரும்போது உங்களுடைய பெர்மனன்ட் (களத்தில் நிற்கும் கார்டு) ஒன்றை அன்டேப் செய்யலாம், அல்லது எதிராளியுடையது ஒன்றை டேப் செய்யலாம். ஸ்ப்ளின்டர் ட்வின் 4 மானா ஆரா. அதை எக்ஸார்க்கின் மேல் ஒட்டினால், எக்ஸார்க்கை டேப் செய்து அதன் பிரதியாக ஒரு டோக்கன் (கார்டு இல்லாமலே களத்தில் நிற்கும் கிரீச்சர்) உண்டாக்கலாம். டோக்கனுக்கு ஹேஸ்ட் உண்டு, அதாவது வந்த டர்னிலேயே தாக்கும்; டர்ன் முடிவில் எக்ஸைல் ஆகி ஆட்டத்திலிருந்தே நீங்கிவிடும். டோக்கனும் எக்ஸார்க் என்பதால், அது வரும்போது மூல எக்ஸார்க்கை அன்டேப் செய்யும். மூலம் மறுபடி டேப், மறுபடி ஒரு டோக்கன். வேண்டுமளவு சேர்த்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே அடியாக அனுப்ப வேண்டியதுதான்.

பெஸ்டர்மைட்டும் இதே வேலையைச் செய்யும், 2/1, பறக்கும். மேலே சொன்ன எட்டுப் பிரதிக் கணக்கு இங்கிருந்து வந்ததுதான். எக்ஸார்க் எனக்கு ஒரு படி மேல், ஏனென்றால் நாலு டஃப்னஸ்: லைட்னிங் போல்ட்டுக்குச் சாகாது. பெஸ்டர்மைட் செத்துவிடும்.

என் 60-ல் 24 லேண்ட். காம்போ கார்டுகள் 12: எக்ஸார்க் 4, பெஸ்டர்மைட் 4, ட்வின் 4. பலர் பெஸ்டர்மைட்டைக் குறைத்துப் போடுவார்கள், அதுவும் சரிதான். மீதி 24 கார்டில் லைட்னிங் போல்ட், சீரம் விஷன்ஸ், ரிமாண்ட், ஸ்னாப்காஸ்டர் மேஜ், கிரிப்டிக் கமாண்ட், டிஸ்பெல் போன்றவை. இந்த 24-ஐ மட்டும் எடுத்துப் பார்த்தால் அதுவே ஆடக்கூடிய ஒரு கன்ட்ரோல் டெக்கின் (எதிராளியைத் தடுத்துத் தடுத்தே ஜெயிக்கும் டெக்) எலும்புக்கூடு என்பதைக் கவனியுங்கள்.

இப்போது ஆட்டத்தை மெதுவாகப் பார்ப்போம். எதிராளியின் மூன்றாவது டர்ன் முடிகிறது. உங்களிடம் மூன்று லேண்ட் திறந்திருக்கிறது. அவருடைய எண்ட் ஸ்டெப்பில் (டர்னின் கடைசிக் கட்டத்தில்) எக்ஸார்க்கை இறக்குகிறீர்கள். வந்ததும் என்ன செய்வது? அவருடைய லேண்ட் ஒன்றை டேப் செய்யுங்கள். அவருடைய டர்ன்தான் முடிகிறதே, இதனால் என்ன லாபம் என்று தோன்றும். அவருடைய லேண்ட் அன்டேப் ஆவது அவருடைய அடுத்த டர்னில்தான். நடுவில் வருவது உங்கள் டர்ன். அந்த லேண்ட் டேப் ஆகியே கிடக்கும். உங்கள் ட்வினுக்குப் பதில் சொல்ல அவருக்கு ஒரு மானா குறைவு. அவர் ஒரே ஒரு மானாவைத் திறந்து வைத்திருந்தால், அது போல்ட்டா, கிரீச்சரை எக்ஸைல் செய்யும் பாத் டு எக்ஸைலா என்ற கவலையே உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் டர்ன். நாலாவது லேண்ட், ட்வின். எக்ஸார்க் டர்ன் தொடங்கும்போதே உங்களிடம் இருந்ததால் உடனே டேப் செய்யலாம். எதிராளி எதையாவது செய்வதற்கு மிகச் சரியான நேரம் ட்வின் இன்னும் ஸ்டாக்கில் (போட்ட ஸ்பெல் பலிப்பதற்கு முன் காத்திருக்கும் வரிசையில்) இருக்கும்போது. அப்போது எக்ஸார்க்கைக் கொன்றால் ட்வின் ஒட்ட இடமில்லாமல் கிரேவ்யார்டுக்கு (செலவான கார்டுகளின் குவியலுக்கு) போகும். ஒரு கார்டுக்கு உங்கள் இரண்டு கார்டு காலி. அதனால் எதிராளியிடம் மானா திறந்திருந்தால் அஞ்சாவது டர்ன்வரை காத்திருங்கள்: நாலு ட்வினுக்கு, ஒன்று இன்ஸ்டன்ட்டை ரத்து செய்யும் டிஸ்பெல்லுக்கு.

டோக்கன் எண்ணிக்கையைச் சொல்லும்போது "முடிவில்லாமல்" என்று சொல்ல விதி இடம் கொடுக்காது. ஒரு எண் சொல்ல வேண்டும். இருபது லைஃபுக்கு இருபது போதும் என்று கஞ்சத்தனம் பண்ணாமல் ஆயிரம், பத்தாயிரம் என்று சொல்லுங்கள். ஆனால் எதிராளி கறுப்பும் சிவப்பும் ஆடினால் கொஞ்சம் யோசியுங்கள். ராக்டோஸ் சார்ம் என்று ஒரு கார்டு, "ஒவ்வொரு கிரீச்சரும் தன் கன்ட்ரோலருக்கு (அதை வைத்திருக்கும் ஆட்டக்காரருக்கு) 1 டேமேஜ் கொடுக்கும்" என்பது அதன் ஒரு பயன்பாடு. பத்தாயிரம் எக்ஸார்க்குடன் நிற்கிறவருக்கு அதைவிடக் கேவலமான சாவு கிடையாது.

இந்த டெக்கின் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் மூன்று லேண்டை எட்டிவிட்டால், அதன்பின் எதிராளி தன் மானா முழுவதையும் செலவழிக்கப் பயப்படுவார். உங்கள் கையில் ட்வினே இல்லாவிட்டாலும் பயப்படுவார். அவர் இரண்டு லேண்டை எப்போதும் திறந்தே வைத்திருக்க, நீங்கள் பெஸ்டர்மைட்டால் பறந்து இரண்டிரண்டாக அடித்து, ஸ்னாப்காஸ்டரை வைத்துப் போல்ட்டை இரண்டாம் முறை போட்டு, சாதாரணமாக ஜெயித்துவிட்டுப் போவீர்கள். முதல் ஆட்டம் முடிந்து சைடுபோர்டில், அதாவது ஆட்டங்களுக்கு நடுவே டெக்கில் மாற்றிக்கொள்ள வைத்திருக்கும் உபரிக் கட்டில், 15 கார்டுகளைப் பார்க்கும்போது, எதிராளி கிரீச்சரைக் கொல்லும் ஸ்பெல்களை அள்ளிக்கொண்டு வருவார் என்று தெரிந்தால், ட்வினில் இரண்டு மூன்றை வெளியே எடுத்துவிட்டு கன்ட்ரோல் கார்டுகளை ஏற்றுங்கள். வராத காம்போவுக்குக் காவல் காத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கட்டும்.

ஐந்தாம் படி: மெதுவான காம்போவையும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்

தாப்டர் ஃபவுண்ட்ரி, ஸோர்ட் ஆஃப் த மீக். ஃபவுண்ட்ரியில் ஒரு மானா கொடுத்து, டோக்கன் அல்லாத ஓர் ஆர்டிஃபாக்டை (கருவி வகைக் கார்டை) பலி கொடுத்தால் பறக்கும் 1/1 தாப்டர் ஒன்றும் ஒரு லைஃபும் கிடைக்கும். 1/1 கிரீச்சர் ஒன்று உங்களிடம் வந்தால் ஸோர்ட் கிரேவ்யார்டிலிருந்து களத்துக்குத் திரும்பும். ஆக ஸோர்டையே பலி கொடுத்து ஸோர்டையே திரும்பப் பெறலாம். ஒவ்வொரு மானாவும் ஒரு தாப்டர், ஒரு லைஃப். இது உடனே ஜெயிக்காது. ஐந்து லேண்டுக்கு டர்னுக்கு ஐந்து தடுப்பாளர், ஐந்து லைஃப். பர்ன் ஆடுகிறவர் முகம் வாடுவதைப் பார்க்கலாம்.

மாடர்ன் 2011-ல் தொடங்கியபோதே ஸோர்டுக்குத் தடை இருந்தது, 2016-ல் நீக்கினார்கள். 2019-ல் உர்சா, லார்ட் ஹை ஆர்டிஃபைசர் வந்த பிறகு இந்த மெதுவான எந்திரம் தலைதெறிக்க ஓட ஆரம்பித்தது. உர்சா இருந்தால் எந்த ஆர்டிஃபாக்டையும் டேப் செய்து ஒரு நீல மானா எடுக்கலாம். ஸோர்ட் அன்டேப் ஆகித்தான் திரும்பி வரும்: அதை டேப் செய்து மானா எடுங்கள், அந்த மானாவால் அதையே பலி கொடுங்கள். செலவே இல்லாமல் தாப்டர்கள் குவியும். அப்போதுதான் வந்த தாப்டரையும் டேப் செய்யலாம், ஏனென்றால் டேப் செய்யச் சொல்வது உர்சாவின் திறன், தாப்டரின் சொந்தத் திறன் இல்லை. ரெஸ்ட் இன் பீஸ் மாதிரி கிரேவ்யார்டை அடைக்கும் கார்டு ஒன்று எதிரே இறங்கினால் சுற்று நின்றுவிடும். அதற்குப் பதில் சைடுபோர்டில் இருக்க வேண்டும்.

ஆறாம் படி: டார்க் டெப்த்ஸ், விதிப் புத்தகத்தோடு

2006-ல் வந்த டார்க் டெப்த்ஸ் ஒரு லெஜண்டரி லேண்ட். மானா தராது. பத்து ஐஸ் கவுன்ட்டருடன் இறங்கும். 3 மானாவுக்கு ஒரு கவுன்ட்டர் கரையும். எல்லாம் கரைந்ததும் அதை பலி கொடுத்தால் மாரிட் லேஜ் வருவாள்: 20/20, பறப்பாள், அழிக்க முடியாதவள். நேர்வழியில் போனால் 30 மானா. யாரும் நேர்வழியில் போவதில்லை.

ஒரு குறுக்குவழி வாம்பயர் ஹெக்ஸ்மேஜ். அவளை பலி கொடுத்தால் ஒரு பெர்மனன்ட்டின் கவுன்ட்டர் எல்லாம் போய்விடும். முதல் டர்ன் டெப்த்ஸ், இரண்டாவது டர்ன் ஸ்வாம்ப், கூடுதல் மானா தரும் டார்க் ரிச்சுவல், ஹெக்ஸ்மேஜ். மூன்றாவது டர்னில் இருபது அடி.

நான் அதிகம் விரும்புவது இன்னொரு வழி, தெஸ்பியன்ஸ் ஸ்டேஜ். இந்த லேண்ட் 2 மானா கொடுத்துத் தன்னை டேப் செய்தால் வேறொரு லேண்டின் பிரதியாக மாறும். டெப்த்ஸைப் பார்த்து மாறினால் இப்போது உங்களிடம் இரண்டு டெப்த்ஸ். ஒரே பெயரில் லெஜண்டரி இரண்டு இருந்தால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. பழையதை கிரேவ்யார்டுக்கு அனுப்பிவிட்டு ஸ்டேஜை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஜ் டெப்த்ஸாகக் களத்துக்கு வரவில்லை, களத்தில் இருந்தபடி மாறியது. ஆகவே அதன் மேல் ஐஸ் கவுன்ட்டர் ஒன்றுகூட இல்லை. மாரிட் லேஜ் உடனே எழுந்துவிடுவாள். 2013 ஜூலைக்கு முன் இருந்த விதிப்படி இரண்டு லெஜண்டரியும் சேர்ந்தே போய்விடும். அந்த விதி மாறியதில் பிறந்த காம்போ இது, அதனாலேயே எனக்கு இதன் மேல் தனிப் பிரியம்.

ஆடும் முறை: ஸ்டேஜின் திறனை எதிராளியின் எண்ட் ஸ்டெப்பில் பயன்படுத்துங்கள். உங்கள் டர்ன் வரும்போது மாரிட் லேஜ் தாக்கத் தயார். அதற்கு முன் எதிராளியின் களத்தில் மற்ற லேண்டை உடைக்கும் வேஸ்ட்லேண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டேஜின் திறன் ஸ்டாக்கில் இருக்கும்போது அவர் டெப்த்ஸை உடைத்தால், பார்த்து மாற எதுவும் இல்லை. மாறிய பிறகு, பலி கொடுப்பதற்கு முன் ஸ்டேஜையே உடைத்தாலும் மாரிட் லேஜ் இல்லை, ஏனென்றால் பலி கொடுத்தால்தான் டோக்கன். எழுந்து வந்த பிறகும் ஆபத்து உண்டு: ஸ்வோர்ட்ஸ் டு ப்ளவ்ஷேர்ஸ் அவளை எக்ஸைல் செய்துவிடும் (உங்களுக்கு 20 லைஃப் ஆறுதல் பரிசு), கராகஸ் லெஜண்டரி கிரீச்சரைக் கைக்குத் திருப்பும், கைக்குப் போன டோக்கன் காணாமல் போகும்.

இதில் காம்போ வராத ஆட்டத்துக்கு என்ன பதில்? லைஃப் ஃப்ரம் த லோம். கிரேவ்யார்டிலிருந்து மூன்று லேண்ட் வரை கைக்குத் திரும்பும். உடைந்த டெப்த்ஸும் திரும்பும், நீங்கள் பயன்படுத்திய வேஸ்ட்லேண்டும் திரும்பும். டர்னுக்கு ஒரு வேஸ்ட்லேண்ட் போட்டு எதிராளியின் லேண்டுகளைச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கலாம். மாரிட் லேஜ் வந்தால் சந்தோஷம், வராவிட்டால் நேரம் நம் பக்கம். லெகசியில் ஆடலாம், மாடர்னில் டெப்த்ஸுக்கு ஆரம்பத்திலிருந்தே தடை.

நான் மெச்சுவதும் ஆடாததும்

தாசாஸ் ஆரக்கிள், டிமானிக் கன்சல்டேஷன். ஆரக்கிள் 2 மானா. களத்துக்கு வரும்போது, உங்கள் லைப்ரரியில் (இன்னும் எடுக்காத டெக்கில்) இருக்கும் கார்டு எண்ணிக்கை உங்கள் நீல டிவோஷனைவிட (களத்தில் உள்ள உங்கள் கார்டுகளின் விலையில் இருக்கும் நீலக் குறிகளின் எண்ணிக்கையைவிட) அதிகமில்லை என்றால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். அந்த ட்ரிகர் (தானாக எழும் விளைவு) ஸ்டாக்கில் இருக்கும்போது ஒரு மானாவுக்குக் கன்சல்டேஷன் போட்டு, டெக்கில் இல்லாத ஒரு கார்டின் பெயரைச் சொன்னால் லைப்ரரி முழுவதும் எக்ஸைல். மொத்தம் 3 மானா. ஆரக்கிளைக் கொன்றாலும் பயனில்லை. டிவோஷன் பூஜ்யம், லைப்ரரியும் பூஜ்யம், ஜெயித்துவிடும். எதிரே இருந்தால் கன்சல்டேஷனை ரத்து செய்யுங்கள், அல்லது ட்ரிகர் முடிவதற்குள் அவரை ஒரு கார்டு எடுக்க வையுங்கள். காலி லைப்ரரியிலிருந்து எடுத்தவர் தோற்பார். இதைவிடத் திறமையான காம்போ அபூர்வம். ஆனால் இரண்டு கார்டும் தனியாக எதற்கும் ஆகாது, எல்லா ஆட்டமும் ஒரே மாதிரி முடியும். எனக்கு ஒத்துவரவில்லை.

சாஹீலி ராயும் ஃபெலிடார் கார்டியனும் இன்னொன்று. பிரதி எடுக்கும் சாஹீலி, வந்ததும் அவளை எக்ஸைல் செய்து புதிதாகத் திருப்பிக் கொண்டுவரும் பூனை. 2017 ஏப்ரலில், தடைப் பட்டியலில் மாற்றமில்லை என்று அறிவித்த இரண்டே நாளில் ஸ்டாண்டர்ட் ஃபார்மட்டில் பூனையைத் தடைசெய்தார்கள். ஆடிய கொஞ்ச நாளும் நன்றாகத்தான் இருந்தது.

கமாண்டருக்கு வந்தால்

100 கார்டு, பேசிக் லேண்டைத் தவிர எல்லாம் ஒற்றைப் பிரதி, 40 லைஃப், பெரும்பாலும் நாலு பேர். மேலே போட்ட சதவீதக் கணக்கெல்லாம் இங்கே நொறுங்கிவிடும். அதற்கு மாற்று, காம்போவின் ஒரு பாதியைக் கமாண்டராகவே, அதாவது டெக்குக்கு வெளியே கமாண்ட் சோன் என்ற இடத்தில் தனியாக நிற்கும் லெஜண்டரி கிரீச்சராகவே, வைப்பது. வீட்டோ, தார்ன் ஆஃப் த டஸ்க் ரோஸ் சாங்குவின் பாண்ட் செய்யும் வேலையை 3 மானாவுக்குச் செய்கிறான், லெஜண்டரியும்கூட. அவன் எப்போதும் கமாண்ட் சோனில் தயாராக இருப்பதால் தேட வேண்டியது எக்ஸ்குவிசிட் பிளட் ஒன்றைத்தான். டிமானிக் டியூட்டர், வாம்பைரிக் டியூட்டர் என்று கறுப்பில் தேடிக்கொடுக்க ஆள் நிறைய. அது கிடைக்காத ஆட்டத்தில், லைஃப் ஏற்றும் கிரீச்சர்கள் நிறைந்த சாதாரண டெக்காக இது சுகமாகவே ஓடும். 5 மானாவுக்கு வீட்டோ உங்கள் கிரீச்சர்கள் எல்லாவற்றுக்கும் லைஃப்லிங்க் கொடுத்தால் ஒரே தாக்குதலில் ஏற்றிய அத்தனையும் எதிராளிகளின் தலையில் விழும். காம்போ சுற்ற ஆரம்பித்தால் ஒருவரை முடித்துவிட்டு அடுத்தவரைக் குறிவைக்கலாம்.

உட்காருவதற்கு முன் "என் டெக்கில் இரண்டு கார்டு காம்போ இருக்கிறது" என்று மேசையில் சொல்லிவிடுங்கள். சொன்னால் பாதிப் பேர் சரி என்பார்கள், மீதிப் பேருடன் வேறு டெக் ஆடலாம். சொல்லாமல் முடித்தால் அடுத்த ஆட்டத்துக்கு மூன்று பேரும் முதல் டர்னிலிருந்தே உங்களைத்தான் பார்ப்பார்கள்.

தனியாகப் பயிற்சி

டெக் கட்டியதும் எதிராளி இல்லாமல் ஆடிப்பாருங்கள். கலைத்து ஏழு எடுங்கள், வைப்பதா மாற்றுவதா என்று முடிவெடுங்கள். 2019-லிருந்து உள்ள மல்லிகன் (தொடக்கக் கையை மாற்றுவது) விதிப்படி மாற்றினாலும் ஏழு கார்டு எடுத்துத்தான் பார்ப்பீர்கள். மாற்றிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு கார்டை அடியில் வைப்பீர்கள். காம்போ டெக்குக்கு இது பெரிய வரம்: தேவையில்லாத கார்டு அடிக்குப் போகும், இரண்டு பாதியும் கையில் நிற்கும். அதனால் எதுவும் செய்யாத ஏழைவிட வேலை செய்யும் ஆறு மேல்.

ஐந்தாவது டர்ன்வரை ஆடுங்கள். காம்போ வந்ததா என்று எழுதாதீர்கள்; வராத ஆட்டங்களில் கையில் தங்கிப்போன கார்டு எது என்று எழுதுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அதில் ஒரு பிரதியைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் கார்டு எடுக்க உதவும் ஒன்றைப் போட்டு மறுபடி கலையுங்கள். அப்புறம், நாலாவது டர்னில் ட்வினைப் போடுவதற்கு முன் எதிரே ஒருவர் இரண்டு லேண்டைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, போடுவதா காத்திருப்பதா என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.